கேள்வியைக் கைவிடும் முடிவுகள்

படமாளிகையில் விளக்குகள் எரியத் தொடங்கி, மக்கள் வாயிலை நோக்கி நகரும் வேளையில் ஒரு வாசகம் தவறாது காதில் விழும்: ‘படம் நல்லதுதான், முடிவு மட்டும் சரியில்லை.’ மாணவர் விடுதிகளிலும் சிற்றுண்டிச்சாலைகளிலும் நிகழும் திரைப்பட உரையாடல்கள் பலவும் இவ்வாசகத்தோடு அமைதியடைந்துவிடுகின்றன. நூற்றைம்பது நிமிடம் மகிழ்ந்தவர் இறுதிப் பதினைந்து நிமிடத்தை மன்னித்துவிடுகிறார். விமர்சகரும் அவ்வாறே செய்கிறார். நடிப்பு, இசை, ஒளிப்பதிவு என ஒவ்வொன்றையும் பாராட்டிய பின்னர், கடைசிப் பந்தியில் ‘முடிவில் ஒரு சிறு சறுக்கல்’ என எழுதி முடித்துவிடுகிறார்.

இந்த ‘மட்டும்’ என்னும் சொல்லிலேயே பிழை தொடங்குகிறது. முடிவு என்பது படத்தின் பல உறுப்புகளுள் ஒன்று, அது பழுதுபட்டாலும் ஏனையவை நலமாக இருக்கலாம் என்னும் எண்ணம் அச்சொல்லின் பின்னே மறைந்துள்ளது. இது வீடு கட்டுவோனின் கணக்கேயன்றிக் கதை சொல்வோனின் கணக்காகாது. ஓர் அறையின் கூரை ஒழுகினால் மற்ற அறைகளில் வாழலாம். கதையிலோ முன்னர் நிகழ்ந்த யாவற்றுக்கும் பொருள் கூறுவது முடிவேயாகும். வழக்கொன்றில் சாட்சியங்கள் சிறப்பாக இருந்தன, வாதங்கள் சிறப்பாக இருந்தன, தீர்ப்பு மட்டுமே அநீதியானது என்று கூறி, அதனால் வழக்கு நன்றாகவே நடந்தது என எவரும் அமைதி கொள்வதில்லை.

இக்கருத்துக்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் சிறுகதை 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்தது. மழைநாளொன்றில் அறிமுகமற்ற ஒருவனின் காரில் ஏறிக் கெடுக்கப்பட்ட இளம்பெண் வீடு திரும்புகிறாள். தாய் அவள் தலையில் நீரூற்றி, அவள் தூய்மையாகிவிட்டாள் எனத் தேற்றுகிறாள். வாசகரிடையே பெரும் சர்ச்சை எழுந்தது. பின்னர் அவரே, அத்தாய் அவ்வாறு செய்யாது ஊரறியக் கூவியழுதிருந்தால் அப்பெண்ணின் வாழ்வு என்னவாகியிருக்கும் என்னும் வினாவை எடுத்துக்கொண்டு ஒரு நாவலையே எழுதினார். அதுவே 1972இல் சாகித்திய அக்கடமிப் பரிசு பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. அதனை 1977இல் பீம்சிங் திரைப்படமாக்கினார். முடிவொன்று மாறியதும் பெண் மாறினாள், தாய் மாறினாள், ஊர் மாறிற்று. ஒரு சிறுகதை முழு நாவலாயிற்று. முடிவு என்பது கழற்றி மாட்டக்கூடிய உறுப்பாயின் இது நிகழ்ந்திருக்க இயலாது.

ஆயின் எத்தகைய முடிவு பிழையான முடிவு? இங்குதான் விவாதம் வழக்கமாகத் தடம் புரள்கிறது. இன்ப முடிவு தாழ்ந்தது, துன்ப முடிவு உயர்ந்தது என்று ஒரு சாரார் கருதுகின்றனர். எதிர்பாராத் திருப்பத்துடன் முடிவதே சிறந்தது என்பது மற்றொரு சாராரின் கருத்து. இரண்டும் மேம்போக்கானவை. திருப்பமே முடிவின் உயிராயின் எம்மவர் விடிய விடியக் கூத்துப் பார்த்திருக்கமாட்டார்கள். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை மேடையேற்றியபோது, கர்ணன் இறப்பான் என்பதையோ இராவணன் வீழ்வான் என்பதையோ அறியாது வந்தமர்ந்தவர் எவருமிலர். முடிவை அறிந்திருந்தும் மக்கள் இறுதிவரை இருந்தனர். வீழ்ச்சி நிகழும் என்பதை அவர்கள் முன்னரே அறிவர். அது எவ்வாறு தவிர்க்கவியலாததாயிற்று என்பதையே காண வந்தனர்.

எனவே அளவுகோல் வேறு. ஒரு படம் தன் போக்கில் ஒரு கேள்வியைச் சுவைஞரிடம் எழுப்புகிறது. அக்கேள்வி எவ்வளவு கூர்மையானதோ அவ்வளவுக்கு அவர் கதையில் ஒன்றுகிறார். முடிவில் அப்படம் தான் எழுப்பிய கேள்விக்கு முகங்கொடுக்கிறதா, அன்றிக் கேள்வி கேட்கப்படவேயில்லை என்பதுபோல் நழுவிவிடுகிறதா? பதில் கூறவேண்டும் என்பதுமில்லை. கேள்வியைத் திறந்தே விடலாம். அதனைக் கைவிடுவதே குற்றமாகும். ‘வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை’ என்னும் பழமொழி இங்கு முற்றும் பொருந்தாது. தாழி தானாக உடைவதில்லை. கடைந்த கையே அதனை உடைக்கிறது.

தமிழ்த் திரைப்படத்தில் இக்கைவிடல் ஒரு வழமையாகவே வளர்ந்துள்ளது. ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) பெரும்பாலும் ஒரு வைத்தியசாலைக்குள்ளேயே நிகழும் படம். கதையின் செறிவும் ஒளிப்பதிவின் நுட்பமும் இன்றும் வியக்கத்தக்கவை. நோயுற்ற கணவனுடன் சீதை வைத்தியசாலைக்கு வருகிறாள். சத்திரசிகிச்சை செய்யவேண்டிய வைத்தியரோ முன்னர் அவளை நேசித்தவர். இதனை அறிந்த கணவன், தான் இறக்க நேரின் அவர்களிருவரும் மணந்து வாழவேண்டுமென வேண்டுகிறான். 1962இல், ஒரு கணவனின் வாயிலாகவே, கைம்பெண்ணின் மறுமணம் பற்றிய கேள்வி தமிழ்த் திரையில் கேட்கப்பட்டுவிட்டது. பின்னர் நிகழ்வது யாது? சிகிச்சை வெற்றியடைகிறது, கணவன் பிழைக்கிறான், வைத்தியர் இறந்துவிடுகிறார். கேட்கப்பட்ட கேள்வியும் வைத்தியரோடு சேர்த்து அடக்கம் செய்யப்படுகிறது. சுவைஞர் வைத்தியரின் தியாகத்தை எண்ணிக் கண்ணீர் சிந்துகிறார். அக்கண்ணீரில் கேள்வி கரைந்துபோனதை அவர் உணர்வதில்லை.

பாலசந்தரின் ‘அபூர்வ ராகங்கள்’ (1975) இதனினும் துணிச்சலான தொடக்கமுடையது. தந்தையோடு பிணங்கி வெளியேறிய இளைஞன் பிரசன்னா, தன்னினும் வயதில் மூத்த இசைக்கலைஞரான பைரவியை நேசிக்கிறான். பைரவியின் மகளோ பிரசன்னாவின் தந்தையை மணக்க விரும்புகிறாள். விக்கிரமாதித்தன் வேதாளக் கதையின் புதிரொன்றை நிகர்த்த இச்சிக்கல் வெறும் உறவுமுறை விளையாட்டன்று. வயது, முன்னைய வாழ்வு, ஊரார் பேச்சு ஆகிய வேலிகளைத் தாண்டித் தன் துணையைத் தேரும் உரிமை ஒரு பெண்ணுக்கு உண்டா என்பதே அதன் உட்பொருள். படத்தின் பெரும்பகுதி அவ்வுரிமையை நோக்கியே நகர்கிறது. அவ்வேளை, பைரவியை முன்னர் கைவிட்டுச் சென்ற கணவன் தீராநோயோடு திரும்பி வருகிறான்; அவளது கச்சேரியின்போதே இறந்தும் போகிறான். அதன்பின் தாயோடு மகளும் தந்தையோடு மகனும் சேர, உலகம் பழைய ஒழுங்குக்கு மீள்கிறது. கணவனின் மரணம் அப்பெண்ணை விடுவித்திருக்கவேண்டும். மாறாக, அவளைக் கட்டிப்போடுகிறது. உயிரோடிருக்கையில் அவளைத் துறந்தவன் இறந்தபின் அவளை உரிமைகொண்டு விடுகிறான். புதிரை அவிழ்ப்பதாகக் கூறி அழைத்துச் சென்ற நெறியாளர், புதிர்த்தாளைக் கிழித்துவிட்டு விடை கிடைத்ததென்கிறார்.

பாக்கியராஜின் ‘அந்த 7 நாட்கள்’ (1981) இவ்வழமையின் மிகவும் கவர்ச்சியான எடுத்துக்காட்டு. இசையமைப்பாளனாகும் கனவோடு பட்டினியில் உழலும் பாலக்காட்டு மாதவனும் அவனது சிறுவயதுச் சீடனும் வரும் காட்சிகளில் சிரிக்காதவர் இல்லை. காதலனைப் பிரித்து மணம் முடித்துவைக்கப்பட்ட வசந்தி, மணநாளிரவே உயிர்துறக்க முயல்கிறாள். அவளை மணந்த வைத்தியரோ பண்பாளர். சில நாட்களுள் அவளை அவளது காதலனிடமே சேர்ப்பிப்பதாக வாக்களிக்கிறார். அவளது சம்மதமின்றி நடந்த மணம் மணமாகுமா என்னும் கேள்வியை இதனினும் தெளிவாக எவரும் முன்வைக்கவியலாது. ஆயின் இறுதிக் காட்சியில் அவளது கழுத்திலுள்ள தாலியே வழக்கின் ஒரே சாட்சியாகிறது. அதனைக் கழற்ற அவளால் இயலவில்லை என்பதைக் காட்டி, பிறனொருவனின் மனைவியைத் தான் ஏற்பது பண்பாடன்று எனப் போதித்து, மாதவன் விடைபெறுகிறான்.

இங்கு ஒன்று கூறப்படலாம்: நெறியாளர் உண்மையிலேயே அப்பண்பாட்டில் நம்பிக்கை உடையவராக இருக்கலாம்; தாம் நம்புவதைக் கூற அவருக்கு உரிமையில்லையா? உண்டு. மறுப்பு அவரது நம்பிக்கைக்கு எதிரானதன்று. அந்த ஏழு நாட்களில் வசந்தியின் மனம் அந்நல்ல மனிதனிடம் சென்றுவிட்டது என்று படம் காட்டியிருப்பின், அது அவளது தெரிவாகியிருக்கும், முடிவும் நேர்மையானதாகியிருக்கும். அவ்வாறன்றி, இரு ஆண்கள் அவளை எவர் ஏற்பது என வாதிட, தாலி தீர்ப்புரைக்கிறது. ஒரு பெண்ணின் மனத்தைப் பற்றித் தொடங்கிய கதை அவளது மனத்தைக் கேளாமலே முடிகிறது. பிழை இங்குதான் உள்ளது.

இறுதியில் ஒருவர் விலகியோ இறந்தோ போவதால் சிக்கல் தீரும் இவ்வமைப்பு தமிழுக்கு மட்டும் உரியதன்று. 1975இல் வெளியான ‘ஷோலே’ என்னும் இந்திப்படத்தின் முடிவு பற்றிப் பலரும் அறிவர். முன்னாள் பொலிஸ் அதிகாரியான தாக்கூர் கொள்ளைக்காரன் கப்பர்சிங்கைத் தன் கால்களால் மிதித்துக் கொல்வதாக முதலில் படமாக்கப்பட்டிருந்தது. அவசரகாலநிலை நிலவிய அந்நாட்களில் தணிக்கைச் சபை அதனை ஏற்கவில்லை. எனவே பொலிசார் வந்து தடுப்பதாக முடிவு மாற்றியமைக்கப்பட்டது. அரசின் தலையீடு கலையைச் சிதைத்ததற்கு உதாரணமாக இது இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஆயின் அதே படத்தில் வேறொரு முடிவும் உண்டு. தாக்கூரின் விதவை மருமகளும் ஜெய் என்னும் இளைஞனும் சொல்லின்றியே ஒருவரையொருவர் விரும்புகின்றனர், பெரியோரும் இணங்குகின்றனர். ஜெய் சண்டையில் இறக்க, அவள் மீண்டும் சாளரத்தை மூடிக்கொள்கிறாள். இம்முடிவைத் திணிக்கத் தணிக்கைச் சபை எதுவும் தேவைப்படவில்லை. அரசின் கத்தரிக்கோலைக் கண்டித்தோர், படைப்பாளியின் உள்ளே இருந்த கத்தரிக்கோலைக் காணவில்லை.

இவ்வேறுபாடு கருதத்தக்கது. ஓர்சன் வெல்ஸின் ‘மக்னிபிசன்ட் அம்பர்சன்ஸ்’ (1942) அவர் பிரேசிலில் இருந்தபோது ஆர்.கே.ஓ. நிறுவனத்தினரால் நாற்பது நிமிடங்களுக்கு மேல் வெட்டப்பட்டு, இனியதொரு முடிவும் ஒட்டவைக்கப்பட்டது. அங்கே கலைஞன் பாதிக்கப்பட்டவன். முர்னோ 1924இல் ஜேர்மனியில் ஆக்கிய ‘கடைசி மனிதன்’ மற்றொரு வகை. சீருடை பறிக்கப்பட்டுக் கழிப்பறைப் பணிக்குத் தள்ளப்பட்ட முதிய வாயிற்காவலனின் கதை, நியாயமாக அவ்விருளிலேயே முடியவேண்டும். அவ்விடத்தில் ஓர் எழுத்தட்டை தோன்றி, வாழ்க்கையில் இவனுக்கு இனி எதுவுமில்லை, கதாசிரியர் இரங்கியதாலேயே பின்வருவது நிகழ்கிறது என்னும் பொருள்பட அறிவிக்கிறது. பின்னர் அக்கிழவன் திடீர்ச் செல்வனாகிறான். முடிவு பொய்யானது என்பதைப் படமே ஒப்புக்கொள்வதால் எவரும் ஏமாற்றப்படுவதில்லை; உண்மை வாழ்வில் இத்தகைய செல்வம் வருவதில்லை என்பது மேலும் உறைக்கிறது. பிறரால் திணிக்கப்பட்ட முடிவுக்கு இரங்கலாம். தன்னைப் பொய்யென்று அறிவிக்கும் முடிவை ஏற்கலாம். தன் அச்சத்தையே பண்பாடு என்றும் தியாகம் என்றும் பெயரிட்டு வரும் முடிவையே மன்னிக்கவியலாது.

வணிகத் தரப்பார் உடனே ஒரு வாதத்தை எழுப்புவர். திரைப்படத்துக்குப் பெருமுதல் தேவை. மக்கள் விரும்பாததைக் காட்டி நட்டப்படுவது எவர்? எனவே முடிவு மக்களின் மனப்பாங்குக்கு ஏற்ப அமைவது தவிர்க்கவியலாதது என்பர். முதல் பற்றிய கூற்றில் உண்மையுண்டு. ருத்ரையாவின் ‘அவள் அப்படித்தான்’ (1978) வெளியான காலத்தில் வசூலில் தோல்வியுற்றது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. ஆயின் அதற்கு முந்திய ஆண்டிலேயே பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ பெருவெற்றி பெற்றது. சிறைசென்ற சப்பாணிக்காக மயில் புகையிரத நிலையத்தில் காத்திருப்பதோடு அது முடிகிறது. அவன் வருவானா என்பதற்கு உறுதியேதும் தரப்படவில்லை. மக்கள் அதனை ஏற்றனர். மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ (1978) படத்தையும் ஏற்றனர். ‘மக்கள் விரும்பார்’ என்பது பல வேளைகளில் மக்களைப் பற்றிய அறிவாக இருப்பதில்லை; மக்களின் பெயரால் கூறப்படும் சாக்காகவே இருக்கிறது.

‘முள்ளும் மலரும்’ இன்பமாகவே முடியும் படம் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. விஞ்ச் இயக்குந் தொழிலாளியான காளி தன் தங்கையின்மீது கொண்ட அன்பும், மேலதிகாரியான பொறியியலாளர்மீது கொண்ட பகையும் படம் முழுவதும் மோதுகின்றன. அப்பொறியியலாளரையே தங்கை மணக்க விரும்புகிறாள். இறுதியில் ஊரார் புடைசூழச் செல்லும் தங்கை, அண்ணனைக் கண்டதும் யாவற்றையும் விட்டு அவனிடம் ஓடிவருகிறாள். அவ்வன்பே போதுமென நிறைவெய்திய காளி, தானே அவளை அழைத்துச் சென்று ஒப்படைக்கிறான். ஆயினும் அப்பொறியியலாளரைத் தனக்கு இன்னமும் பிடிக்கவில்லை என்பதை வெளிப்படையாகவே கூறிவிடுகிறான். திருமணம் நிகழ்கிறது, அவனது செருக்கு அழியவில்லை. எவரும் இறக்கவில்லை, எவரும் ஒரு நொடியில் வேறு மனிதராகிவிடவுமில்லை. கதைமாந்தரின் இயல்பிலிருந்தே பிறந்த இன்பமாதலால் அது பொய்யாகவில்லை.

மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979) எதிர்த்திசையில் முடிவது. புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யை அடியாகக் கொண்டெழுந்த அப்படத்தில், கொடியவனான சுந்தரவடிவேலுவை ஊரார் ஆற்றங்கரைக்குத் துரத்திச் செல்கின்றனர். தீயவன் தண்டிக்கப்படும் காட்சியைக் காணச் சுவைஞர் ஆயத்தமாகின்றனர். அவ்விடத்தில் அவன், இதுவரை நல்லவராயிருந்த ஊராரையும் தன்னைப் போலாக்கிவிட்டதே தான் செய்த பெரும் பாவம் என்னும் பொருள்படப் பேசிவிட்டு நீரில் இறங்குகிறான். தண்டனையில் மகிழ வந்தவர் தம்மையே திரும்பிப் பார்க்க நேர்கிறது. ‘அவள் அப்படித்தான்’ படத்திலோ, மஞ்சு தன்னைப் புரிந்துகொண்டதாக எண்ணிய இளைஞன் வேறொருத்தியை மணந்து வர, பெண்விடுதலை பற்றி ஏதுமறியாத அம்மணப்பெண்ணின் மகிழ்ச்சியையும் கண்டபின் நடுத்தெருவில் தனித்து நிற்கிறாள். அவள் கொல்லப்படவில்லை, திருத்தப்படவுமில்லை. ஆறுதல் கூறுவாரின்றி அவள் நிற்பதே அப்படத்தின் கேள்வியை நிற்கச் செய்கிறது. ஈழத்தில், தர்மசேன பத்திராஜா யாழ்ப்பாணத்துச் சாதியையும் சீதனத்தையும் பொருளாகக் கொண்டு ஆக்கிய ‘பொன்மணி’ (1977) படமும் பொய்யாறுதலை நாடாத துணிவுடையதே.

இவையெல்லாம் வெறும் சினிமாப் பேச்சு, இதற்கு இத்துணை ஆவேசம் எதற்கு எனச் சிலர் வினவக்கூடும். அவர்கள் மேற்கூறிய படங்களின் கேள்விகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கைம்பெண் மறுமணம் செய்யலாமா? சம்மதமற்ற மணம் மணமாகுமா? பெண் தன் துணையைத் தானே தேரலாமா? இவை திரையில் பிறந்த கேள்விகளல்ல. 2009இல் போர் முடிவுற்ற பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் குடும்பங்கள் கணவரை இழந்த அல்லது காணாமற்போகக் கொடுத்த பெண்களின் உழைப்பிலேயே வாழ்ந்துவந்துள்ளன. அவர்களுள் இளவயதினர் எத்தனையோ பேர். மறுவாழ்வு பற்றி அவர்களிடம் பேசத் தயங்கும் சமூகம், தயங்குவதற்கான காரணங்களைச் சாத்திரங்களிலிருந்து மட்டும் பெற்றுக்கொள்ளவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கண்ணீரோடு பார்த்து மகிழ்ந்த திரைப்படங்களிலிருந்தும் பெற்றுக்கொண்டது. அவ்வகைப் பெண்ணொருத்தி மறுமணம் செய்யத் துணிகையில் ஊர் முகஞ்சுளிப்பதும், அவள் பிள்ளைகளுக்காகவே வாழ்ந்து தேய்கையில் ஊர் அவளைத் தெய்வமென்பதும் ‘நெஞ்சில் ஓர் ஆலய’த்தின் முடிவு படமாளிகைக்கு வெளியே தொடர்வதேயாகும்.

மோசமான படம் இத்தீங்கைச் செய்வதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. முதற்காட்சியிலிருந்தே பொய்யான படத்தின் முடிவை எவரும் நம்புவதில்லை. நல்ல படமே மனத்தைத் திறக்கிறது. பாத்திரங்கள்மீது அன்புகொள்ளச் செய்கிறது. அவ்வாறு திறந்த மனத்துள் இறுதியில் பழைய தீர்ப்பை வைத்துப் பூட்டிவிடுகிறது. ஆகவே ‘முன்பகுதி சிறந்தது’ என்பது அத்தகைய முடிவுக்கு மன்னிப்பாகாது. முன்பகுதி எவ்வளவு சிறந்ததோ அவ்வளவுக்கு முடிவின் பொறுப்பும் கூடுகிறது. திறமையற்றவன் நழுவினால் அது இயலாமை; ஸ்ரீதரும் பாலசந்தரும் பாக்கியராஜும் நழுவுவது அத்தகையதன்று. கேள்வியை அவ்வளவு கூர்மையாகக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு, அதற்கு முகங்கொடுக்கத் தெரியாமற் போயிற்று எனக் கொள்ளமுடியாது.

எனவே பல்கலைக்கழகச் சுவைஞர் தம் பழைய வாசகத்தைக் கைவிடவேண்டிய காலம் வந்துள்ளது. படமாளிகையிலிருந்து வெளிவருகையில் முடிவு இனிதா துயரா, எதிர்பார்த்ததா எதிர்பாராததா என்று கேட்பதை விடுத்து, இறுதியில் இறந்தவர் யார், விலகிச் சென்றவர் யார், அவர் உயிரோடு அங்கேயே நின்றிருப்பின் எவரெவர் மாறவேண்டியிருந்திருக்கும் எனக் கேட்டல் வேண்டும். அம்மாற்றத்துக்கு அஞ்சியோரின் பட்டியலில் நெறியாளரோடு சுவைஞரும் இடம்பெறக்கூடும். ‘முடிவு மட்டும் சரியில்லை’ என்று கூறி எளிதில் கலைந்துசெல்வதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம்.